கழற்றிப் பூட்டிய கார்

யாவரும் புகழும் ஒன்றின்மீது அன்பு வைப்பதற்குத் தனி மனம் ஒன்றும் வேண்டியதில்லை. மொறிஸ் மைனர் காரைக் கண்டு முகம் மலராதவர் நம் நாட்டில் எவர்? 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் குண்டுக் கார் இன்றும் கலியாண ஊர்வலங்களில் மாலை சூடி வருகின்றது. ஒஸ்ரின் ஏ-40 காருக்கோ வீர வரலாறே உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்லாதபடி தடை இருந்த காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை அத்தகைய பழைய பிரித்தானியக் கார்களே. அழுத்தம் குறைந்த எஞ்சின்கள் ஆதலால் மட்டமான எண்ணெயையும் அவை சகித்துக்கொண்டன. நவீனமான ஜப்பானியக் கார்கள் கொட்டிலில் உறங்க, கிழவர்கள் வீதியில் புகை கக்கி ஓடினார்கள். அந்தப் புகழை நான் குறைத்துப் பேச வரவில்லை.

ஆனால் இவ்விருவருக்கும் பக்கத்தில், ஒருவரும் பேர் சொல்லாத கார் ஒன்று உண்டு. அதன் பெயர் ட்ரையம்ப் ஹெரால்ட். பெயரைச் சொன்னால், “அது என்ன சேர், சைக்கிளா?” என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். முன்விளக்குகளுக்கு மேலே புருவம் போல ஒரு மடிப்பு. பின்புறத்தில் முளைக்க நினைத்து நின்றுவிட்டன போன்ற இரண்டு சிறிய செட்டைகள். மெல்லிய கால்களில் நிற்கும் அகன்ற கண்ணாடிகள். மொத்தத்தில் எதையோ கேட்டுத் திகைத்துப்போன சிறுவனின் முகம். ஆரையம்பதியில் எங்கள் தாயாரின் வளவில், பலா மரத்துக்கு அருகில் உள்ள தகரக் கொட்டிலில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படி ஒரு முகம் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது.

இந்தக் கார் பிறந்த கதை சிறிது விசித்திரமானது. இங்கிலாந்தில் கொவன்றி நகரத்து ஸ்ராண்டர்ட் கம்பனிக்குக் காரின் உடலைச் செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையை, 1953ஆம் ஆண்டில் போட்டிக் கம்பனியொன்று விலைக்கு வாங்கிவிட்டது. எஞ்சின் உண்டு, சில்லு உண்டு, உடல் செய்ய ஆளில்லை என்னும் நிலை. அக்காலத்தில் மற்றக் கம்பனிகளெல்லாம் காரின் உடலை முட்டை ஓடு போல ஒரே கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்ராண்டர்ட் கம்பனிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பழைய முறைப்படி கீழே செசி என்னும் இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, அச்சட்டத்தின் மீது போல்ட் போட்டு முறுக்கினார்கள். உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் தூரின் நகரத்துக் கலைஞர் மிக்கெலொட்டி. 1959 ஏப்ரல் மாதத்தில் கார் வெளிவந்தது.

அதன் கெட்ட காலம், நான்கே மாதத்தில், அதே 1959 ஓகஸ்டில், இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மினி கார் வந்துவிட்டது. மொறிஸ் மைனரின் தந்தையும் அவரே. உலகத்தின் கண் முழுவதும் மினியின் பக்கம் திரும்பிற்று. பணமுடைப்பட்ட ஸ்ராண்டர்ட் கம்பனியை 1961இல் லேலண்ட் என்னும் லொறிக் கம்பனி எடுத்துக்கொண்டது. ஆயினும் ஹெரால்ட் 1971 வரை உற்பத்தியாகி, ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. தோற்றுப்போன கார் என்று அதனைச் சொல்ல முடியாது. கவனிக்கப்படாத கார் என்பதே பொருந்தும்.

எங்கள் அம்மப்பா அந்நாளில் அப்போதிக்கரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது பகலில் தொழில். வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களுக்குப் பிள்ளைப்பேறு, பாம்புக்கடி என்று ஓடுவது இரவில் தொழில். பதுளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, எவரும் விலை கேளாத காரணத்தால் 1960ஆம் ஆண்டு ஹெரால்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாராம். அம்மப்பா அதை வாங்கியது 1965ஆம் ஆண்டில். வெளிர் நீல நிறம், இரண்டே கதவுகள். “கார் வாங்கச் சொன்னால் மிட்டாய்ப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார்” என்று அம்மம்மா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

வாங்கிய மாதத்திலேயே அதன் முதற் குணம் தெரிந்துவிட்டது. ஹெரால்ட் கார் 25 அடி விட்டமுள்ள வட்டத்துள் முழுவதும் திரும்பிவிடும். முன் சில்லுகள் கட்டை வண்டிலின் நுகம் போல மடங்கும். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை வாகனங்களை ஏற்றி இறக்கியது பாதை ஒன்றுதான். (வெளியூர் வாசகருக்காக: எங்கள் பகுதியில் பாதை என்றால் வழி மட்டுமன்று, வாகனங்களை நீர்மேல் கொண்டுசெல்லும் மிதவையும் பாதையே.) அந்தத் துறையின் ஒடுங்கிய கரையில் மற்றக் கார்கள் முன்னும் பின்னுமாக ஐந்தாறு முறை முக்கித் திரும்பும்போது, அப்போதிக்கரியாரின் கார் ஒரே வளைவில் திரும்பிப் பாதையில் ஏறிவிடும். வயல் அணையில் எதிரே வெள்ளம் கண்டாலும் அப்படியே. தோணிக்காரர்கள் அதற்கு “திருக்கை” என்று பெயர் வைத்தார்கள். நீரடியில் திருக்கை மீன் உடலைத் திருப்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இரண்டாவது குணம், அதன் முன்பகுதி. மற்றக் கார்களில் பொனெற் என்னும் மூடி மட்டுமே திறக்கும். ஹெரால்டிலோ மட்காட்டும் விளக்கும் மூடியும் சேர்ந்த முன்னுடல் முழுவதும் முதலை வாய் போல முன்னே கவிழும். எஞ்சின் எல்லாப் பக்கமும் திறந்து நிற்கும். முன் ரயரின் மீதே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். நடு இரவில், அரிக்கன் விளக்கைப் பக்கத்தில் வைத்து, ரயரில் அமர்ந்து, பிளக் துடைத்துக்கொண்டிருந்த அம்மப்பாவை மருத்துவிச்சி அம்மையார் ஒருவர் என் தாயாரிடம் வருணித்ததுண்டு: “வீட்டுத் திண்ணையில் இருந்து வெற்றிலை இடிக்கிற மாதிரி.”

குற்றங்கள் இல்லையா? ஏராளம். துண்டுகளைப் பொருத்திய இடமெல்லாம் மழை ஒழுகும். மார்கழி மாரியில் உள்ளே குடை பிடித்த கதையை எங்கள் உறவினர் இன்னும் சொல்லிச் சிரிப்பர். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பலகை அழுத்திய அட்டையாற் செய்யப்பட்டது. வாவிக் காற்றின் ஈரத்தில் அது அப்பளம் போல ஊதிற்று. ஊர்த் தச்சர் ஒருவர் அதே அளவில் முதிரைப் பலகையிற் செய்து பொருத்தினார். (பிற்பட்ட ஹெரால்டுகளில் கம்பனியே மரப்பலகை வைத்தது. எங்கள் தச்சர் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருப்பார்.) பின் சில்லுகள் தனித்தனியே ஆடும் அமைப்பு உடையவை. மலைப்பாதை வளைவில் வேகமாகத் திருப்பினால் ஒரு சில்லு உள்ளே மடங்கிக் காரைப் புரட்டப் பார்க்கும். மட்டக்களப்பில் மலையும் இல்லை, வளைவும் இல்லை, வேகத்துக்கு அம்மப்பா ஆளும் இல்லை. எனவே அந்தக் குற்றம் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. குற்றங்களிலும் இடம் பொருள் ஏவல் உண்டு போலும்.

கடுமையான குற்றம் ஒன்று உண்டு. முன் சில்லு திரும்பும் அடிமூட்டுக்குத் திரனியன் என்று பெயர். அதற்கு எல்லாரும் போல கிறீஸ் அடைத்தால் நாளடைவில் இறுகி, ஒரு நாள் ஓட்டத்தில் முறிந்து, சில்லு காலொடிந்த மாடு போல மடங்கிவிடும். அதற்கு வேண்டியது கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெய். இந்த இரகசியம் தெரியாமற் கைவிடப்பட்ட ஹெரால்டுகள் பல. என் தாய்மாமன் இதனை விரதம் போலக் கடைப்பிடித்தார். மாதப் பிறப்பன்று கோயில். கோயிலால் வந்ததும் சாரனை மடித்துக் கட்டிக் காருக்கு எண்ணெய்.

மாமாவின் கைக்கு அது வந்த விதமும் சொல்லத் தக்கது. எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண் வழியே போகும். முக்குவர் வழமை சட்டமாய் இருந்த நாட்டின் எச்சம் அது. மோட்டார்க் கார் எவ்வழியே போகும் என்பதை அவ்வழமை சொல்லவில்லை. அம்மப்பா மறைந்தபோது, வளவு என் தாயாருக்கு, வளவில் நிற்கும் கார் மாமாவுக்கு என்று ஏற்பாடாயிற்று. அதனால் தம்பியார் தம் காரைப் பார்ப்பதற்கென்று நாள்தோறும் தமக்கையார் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும் வழக்கம் உண்டாயிற்று. கார் ஓடாத ஆண்டுகளிலும் அந்தத் தேநீர் நிற்கவில்லை.

உதிரிப்பாகங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டுவிட்டது. 1970க்குப் பின் இன்னும் இறுகிற்று. ஆனால் கடலுக்கு அப்பால், சென்னைக்கு அருகில் வண்டலூரில், 1961ஆம் ஆண்டு முதல் இதே கார் “ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்” என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தே செய்யாத நான்கு கதவு ஹெரால்டையும் அவர்கள் செய்தார்கள். 1972இல் பின் சில்லு அமைப்பைத் திருத்திக் கசெல் என்னும் காரையும் வெளியிட்டார்கள். அங்கும் அம்பாசடரையும் ஃபியற்றையும் வாங்கியவர்களுக்கு இதன்மேல் கண் செல்லவில்லை. நிற்க. மாமா இளைஞராயிருந்தபோது தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் வழியாகச் சிதம்பர யாத்திரை போனார். நடராசப் பெருமானைத் தரிசித்த பின் நேரே சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளைத் தரிசித்தார். திரும்பி வந்த மூட்டையில், விபூதிப் பொட்டலங்களுக்கு நடுவே இரண்டு திரனியன்கள் இருந்தன. அம்மம்மா தெரியாமல் அவற்றையும் சுவாமி அறையில் வைத்துவிட்டார்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியைப் பற்றி இங்குள்ள முதியோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு எங்கள் வளவில் பதினொரு தென்னைகள் விழுந்தன. அவற்றுள் ஒன்று காரின் கூரையில் விழுந்து அதைத் தட்டை ஆக்கிற்று. வேறு காராயிருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். காத்தான்குடியிலிருந்து எங்கள் மெக்கானிக் காக்கா வந்து பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார். “தலைதானே போனது தம்பி? உடம்பு கிடக்குதே” என்றார். ஹெரால்டின் கூரை தனித்துண்டு. போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பதுளையில் கைவிடப்பட்ட இன்னொரு ஹெரால்டின் கூரையை லொறியில் ஏற்றி வந்து பூட்டினார்கள். அது பாலாடை நிறம். நீல உடலும் வெள்ளைத் தலையுமாய்க் கார் முன்னிலும் விநோதமாயிற்று. நிறம் மாற்றிப் பூச மாமா உடன்படவில்லை.

இனி, நான் கண்ணாற் கண்டதைச் சொல்கிறேன்.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. ஓடும் வாகனம் வைத்திருப்பது ஆபத்தாயிற்று. துவக்கு ஏந்தியவர் எந்தப் பக்கத்தவராயினும், வாசலில் வந்து திறப்பைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்த வாகனம் திரும்பாது. அது எங்கேனும் எதற்கேனும் பயன்பட்டால் அதற்கும் உரிமையாளனே பதில் சொல்ல வேண்டும். மாமா காக்காவை அழைத்தார். இரண்டு இரவுகள், சாக்கால் மறைத்த விளக்கொளியில், காரைக் கழற்றினார்கள். முன்னுடல், கூரை, இரண்டு கதவுகள், பின்மூடி, ஆசனங்கள், கண்ணாடிகள் என்று அது பிரிந்துகொண்டே போயிற்று. கழற்றிய போல்ட்டுகளை எண்ணி ஹோர்லிக்ஸ் போத்தல்களில் இடும் வேலை எனக்கு. விடியும்போது கொட்டிலில் இருந்தது எஞ்சினும் நான்கு சில்லும் உள்ள ஒரு சட்டம். அதன்மேல் கிடுகும் தேங்காய் மட்டையும் குவித்தோம்.

துண்டுகள் ஊரெங்கும் போயின. முன்னுடல் ஒரு வாத்தியார் வீட்டுக்கு. கூரை, கோயில் குருக்கள் வளவில் மாட்டுக்கொட்டிலின் மேல். பின்மூடி ஒரு கைம்பெண்ணின் கோழிக்கூட்டுக்கு. காபரேட்டரையும் மின்பகிர் பெட்டியையும் காக்கா தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். இடப்பக்கக் கதவைப் படுவான்கரையிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், வைக்கோல் வண்டிலின் அடியில் வைத்துப் பாதை ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அம்மப்பாவின் கையிற் பிறந்தவர்கள். பிரசவத்துக்கு மருத்துவிச்சி ஏறி வந்த கதவு இதுதான் என்று அவரே அதைத் தெரிந்து எடுத்தார்.

எது எங்கே போயிற்று என்று நான் அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கியபோது, என் தாயார் கொப்பியைப் பறித்து அடுப்பில் போட்டார். பெயர்ப் பட்டியல் என்பது அந்நாளில் உயிரை எடுக்கும் பொருள். “எழுதாதே, பாடமாக்கு” என்றார். வாய்ப்பாடு போல அதை மனனம் செய்தேன். இரவில் படுக்கும்முன் மாமா கேட்பார், நான் ஒப்பிப்பேன். ஒன்பது துண்டுகள், ஒன்பது வீடுகள்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அக்கோடையில் தமிழ் ஊர்களிலும் உயிர்கள் போயின. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவே இருந்தது ஒரு வீதி. அன்றிலிருந்து அது ஒரு கடல். காக்காவை நாங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் காணவில்லை. படுவான்கரையும் துண்டாயிற்று. 1991 ஜூனில் மகிழடித்தீவுப் பக்கத்தில் மக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்த இரவு, மாமா என்னிடம் பாடம் கேட்கவில்லை.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் கையெழுத்தாயிற்று. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். சித்திரை விடுமுறையில் மாமா சொன்னார்: “மருமகன், பாடத்தைச் சொல்லு பார்ப்பம்.” சொன்னேன். ஒன்றும் மறக்கவில்லை. வீடு வீடாகப் போனோம். கோழிக்கூட்டுக்கார அம்மா, கழுவித் துடைத்து வைத்திருந்த பின்மூடியைத் தூக்கி வந்து தந்தார். குருக்களின் மாடுகள் கூரையை இழந்தன. காத்தான்குடிக்குப் போக மாமாவுக்கு மூன்று நாள் தயக்கம். நாலாம் நாள் காலையில் ஒரு சைக்கிள் எங்கள் வாசலில் வந்து நின்றது. காக்கா இறங்கினார்; தாடி நரைத்திருந்தது. கூடையிலிருந்து எண்ணெய்த் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து விறாந்தையில் வைத்தார். “மாதம் ஒருக்கா எண்ணெய் போட்டு வைச்ச நான்” என்றார். இருவரும் வேறு எதுவும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தேநீர் வந்தது.

கார் மீண்டும் பூட்டப்பட்டது. ஒன்பது வீடுகளில் எட்டு வீடுகள் ஒப்படைத்தன. ஒன்பதாவது வீட்டைத் தேடிப் பாதையேறிப் போனோம். வீடு இருந்த இடத்தில் இடிந்த மண்சுவரும் நாயுருவியும் இருந்தன. கமக்காரரை 1991இல் வீதியில் வைத்துக் கொண்டு போனதாகவும், குடும்பம் எங்கோ இடம்பெயர்ந்ததாகவும் அயலவர் சொன்னார்கள். கொழும்பில் வாங்கிய பழைய கதவொன்றை இடப்பக்கம் பூட்டினோம். அது சிவப்பு. நீல உடல், வெள்ளைத் தலை, சிவப்புக் கை. அந்தக் கோலத்திலேயே அது என் திருமணத்துக்கும் வந்தது.

கடந்த சில ஆண்டுகளில் காற்று மாறியிருக்கின்றது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களுக்கு விலை ஏறிற்று. மைனரும் ஏ-40உம் எட்டாத உயரத்துக்குப் போய்விட, ஹெரால்டையும் தேடுவோர் வரலாயினர். இவ்வாண்டு தெற்கிலிருந்து ஓர் அன்பர் வந்தார். நல்ல மனிதர்; காரை அறிந்தவர். அவர் முதலிற் பார்த்தது இலக்கத் தகட்டை. எங்கள் பகுதிகளில் ஒரு காலத்தில் தார் பூசி எதிர்த்த அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு இன்று தனி விலை உண்டாம்! பிறகு கூரையைத் தட்டிப் பார்த்தார். கூரையைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த காராக மாற்றிச் சிவப்பு நிறம் பூசினால் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றார். சொன்ன தொகை, மாமாவின் இளைய மகள் கட்டும் வீட்டின் அரைவாசிக் கடனை அடைக்கும்.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. குனிந்து திரனியனுக்கு எண்ணெய் விட முழங்கால் இடம் கொடுப்பதில்லை, கண்ணிற் படலம். காக்கா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் சோக்கட்டி பிடிக்கத் தெரிந்தவன். ஸ்பனர் பிடித்தாற் கைவிரல்தான் காயப்படும். விற்பதுதான் முறை என்று எனக்கே தோன்றிற்று. மாமாவும் தலையாட்டிவிட்டார். ஆடி அமாவாசை கழிந்து வரும் வியாழக்கிழமை முற்பணம் தருவதாக ஏற்பாடு.

ஆடி அமாவாசை அன்று அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தம். தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்யும் நாள். பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் வாசலில் ஒரு சிறிய லொறி வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருவர் ஈரத்தலையோடு இறங்கினார். பின்னால் அவருடைய மகன். இருவரும் சாக்குச் சுற்றிய ஒரு பொருளை இறக்கி விறாந்தையில் சாய்த்து வைத்தார்கள்.

“இது அப்போதிக்கரியார் வீடுதானே?” என்று கேட்டார்.

சாக்கை அவிழ்க்குமுன்பே மாமா எழுந்துவிட்டார்.

கதவில் நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மடிப்புகளுக்குள் மட்டும் சிறிது நீலம். கண்ணாடி போய்விட்டது. அடிவிளிம்பைத் துரு தின்றிருந்தது. 2007க்குப் பின் மீளக் குடியேறியபோது, விழுந்த மண்சுவரின் அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்தார்களாம்.

“அப்பவே கொண்டு வந்திருக்கலாம் ஐயா. அம்மா விடல்ல. உங்கட அப்பா பொறுப்பெடுத்த சாமான், அவர் வந்துதான் குடுக்க வேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. மாசியில அம்மாவும் போயிட்டா. இந்த வருசம்தான் அப்பாவுக்கு முதல் தரம் கடன் குடுத்தது.” சிறிது நிறுத்தினார். “குடுத்திட்டு நேரே இங்க வந்தம்.”

என் தாயார் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். மாமா விறாந்தையில் அமர்ந்து, கதவின் பிணைச்சலை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரிந்தது. பிணைச்சல் அசைந்தது. “நல்லாத்தான் கிடக்கு. அந்த எண்ணெயை எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டுத் துருவின்மேல் ஒரு சொட்டு, மறு சொட்டு. அன்று முழுவதும் அதே வேலை.

வியாழக்கிழமை காலையில் அன்பரின் தொலைபேசி வந்தது. ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். விற்பதா, வேண்டாமா என்று அவர் சொல்லவில்லை.

“அவரிட்டச் சொல்லு மருமகன்,” என்றார், “கார் இன்னும் பூட்டி முடியல்ல. மறுகா பார்ப்பம்.”

மகள் வீட்டுக் கடன் அப்படியே நிற்கிறது. அதற்கு வழி வேறு பார்க்க வேண்டும். துருப்பிடித்த அடிவிளிம்புக்குத் தகடு வைத்து ஒட்ட, காக்காவின் பேரன் வருகின்ற வெள்ளி தொழுகைக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கண்ணாடிதான் கிடைக்கவில்லை. 1960ஆம் ஆண்டு ஹெரால்டின் இடப்பக்கக் கதவுக்குரிய கண்ணாடி நேயர்களுள் எவரிடமேனும் இருந்தால், பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதவும். கீறல் இருந்தாலும் பரவாயில்லை.